நாய் மார்க் தட்டா, போன் சந்தாவா? கேட்டவர்களுக்குப் பதில்

ராயபுரத்தில் முப்பது வருஷமாக இசைத்தட்டு சேர்க்கிறேன், பிளேயர் ரிப்பேரும் பார்ப்பேன். தட்டு விலை இப்படி ஏறுகிறதே, பேசாமல் போனிலேயே கேட்டுவிட்டுப் போகலாமா என்று நாலு பேர் கேட்டதில் ஆரம்பித்துக் கேள்வி குவிந்துவிட்டது. விலை விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணா, அப்பா மூர் மார்க்கெட்டில் பத்து ரூபாய்க்கு வாங்கிய அதே எல்பி இசைத்தட்டுக்கு இப்போது 2,000 கேட்கிறார்கள். ஏன்? (பெரம்பூர்)

அப்பா சொல்வது நிஜம்தான். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு கடைகள் அல்லிக்குளம் பக்கமும் நடைபாதைக்கும் போயின, அங்கேயும் பல வருஷம் தட்டு சல்லிசாகத்தான் கிடைத்தது. வீட்டுக்கு வீடு டேப் ரெக்கார்டர் வந்ததும் தட்டுகளை எல்லோரும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டார்கள். எங்கள் தெருவில் ஒருவர் வெந்நீரில் முக்கி வளைத்துப் பூச்சாடி செய்தார், இன்னும் நினைத்தால் வயிறு எரிகிறது. ஆக, மிஞ்சியது கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம்.

வெளிநாட்டிலும் கிராக்கிதான். அமெரிக்காவில் 1987க்குப் பிறகு முதல் தடவையாக 2022ல் சிடியைவிடத் தட்டுதான் அதிகம் விற்றது. அதற்கு முன்பே, 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் அப்போலோ மாஸ்டர்ஸ் தொழிற்சாலை எரிந்துபோனது. அச்சு எடுப்பதற்கு முதலில் வெட்டும் மாஸ்டர் தட்டைச் செய்துவந்த இடம் அது, அப்போது மிஞ்சியது ஜப்பானில் ஒன்றுதான். இதெல்லாம் புதுத் தட்டின் விலைக்கு நியாயம். ஆனால் 1978ல் கல்கத்தா டம்டமில் அச்சான நாய் மார்க் (எச்எம்வி) தட்டுக்கும் கலிபோர்னியா தீக்கும் என்ன சம்பந்தம்? நம்ம ஊர் வியாபாரி டிஸ்காக்ஸ் என்கிற தட்டு விற்கும் இணையதளத்தில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் போட்ட விலையைப் பார்த்து, அதையே கீறல் விழுந்த தட்டுக்கும் சொல்கிறார். அந்த விலை கேட்ட விலைதானே ஒழிய விற்ற விலை இல்லை. விற்ற விலையும் அதே தளத்தில் இருக்கிறது, அதைக் காட்டிப் பேரம் பேசுங்கள்.

கணக்குப்படி எது லாபம்ணா? காலேஜ் படிக்கிறேன். (கொருக்குப்பேட்டை)

தம்பி, கணக்குப்படி போட்டியே இல்லை. போனில் பாட்டு கேட்கும் செயலி ஸ்பாட்டிஃபை 2019ல் இங்கே வந்தபோது மாதம் 119 ரூபாய், வருஷத்துக்கு 1,428. இன்றைக்கு அது ஒரு சுமாரான எல்பியின் விலை, அதில் பக்கத்துக்கு இருபது நிமிஷம் பாட்டு. போனே போதும்.

அப்புறம் நான் ஏன் வாங்குகிறேன்? பழைய பாட்டுகளைச் செயலியில் கேட்டுப் பாருங்கள். சிலதில் ஆரம்ப இசை வெட்டுப்பட்டிருக்கும், சிலதில் ஒரே தடத்தில் பதிந்த மோனோவை இரண்டு தட ஸ்டீரியோ ஆக்குகிறேன் என்று எதிரொலியைக் கலந்து குடத்துக்குள் பாடுவதுபோல் ஆக்கியிருப்பார்கள், உரிமைத் தகராறு வந்தால் பாட்டே ஒருநாள் காணாமல் போகும். அதனால் எனக்கு ஒரே விதி: ஐந்து வருஷமாக விடாமல் கேட்கிற பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, செயலியில் தேடி, இல்லாததற்கும் கெட்டுப்போனதற்கும் மட்டும்தான் தட்டு. நான் இப்படி எழுதியபோது நாற்பது ஆசை ஆறு தட்டாகச் சுருங்கியது. மிச்சம் முப்பத்து நாலு வெறும் அட்டைப்பட மோகம்.

தட்டில்தான் சத்தம் நல்லாயிருக்கும் என்கிறார்களே? (தண்டையார்பேட்டை)

பாதி உண்மை. இப்போது வரும் புது எல்பி பலதும் டிஜிட்டல் மூலப் பதிவில் இருந்து வெட்டியவைதான், போனில் இருக்கும் அதே ஒலியை 3,000 கொடுத்துக் கூடவே கொஞ்சம் கரகரப்போடு வாங்குகிறீர்கள். அந்தக் காலத்து அச்சு, தேயாத தட்டு, நல்ல ஊசி மூன்றும் சேர்ந்தால் மட்டும் நான் வாயை மூடிக்கொள்வேன்.

சூட்கேஸ் மாதிரி இருக்கும் 5,000 ரூபாய் பிளேயர் வாங்கலாமா? (வண்ணாரப்பேட்டை)

வேண்டாம். அதில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் செராமிக், ஊசி ஐந்தாறு கிராம் எடையில் தட்டை அழுத்தும். நல்ல மேக்னடிக் கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராம் அளவே போதும். 2,000 ரூபாய்த் தட்டை உழுவதற்கு ஏர் வாங்குகிற கதைதான்.

அண்ணே, கானா தட்டு கிடைக்குமா? (புளியந்தோப்பு)

என் கைக்கு ஒன்றுகூட வந்ததில்லை. கானா பரவியது கேசட்டில். அதைத் தேடிச் சேருங்கள், இப்போதைக்கு விலையும் குறைவு.

பரணில் தாத்தாவின் கிராமபோனும் கனமான தட்டுகளும் இருக்கின்றன. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? (காசிமேடு)

ஐயோ, வேண்டாம்மா! அவை நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டுகளாக இருக்கும், அரக்கில் செய்தவை. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும். மெல்லிய ஈரத்துணி போதும், நடுவில் இருக்கும் காகித லேபிளில் ஈரம் படக்கூடாது. ஊசியை ஒரு பக்கம் ஓடியதும் மாற்றிவிட வேண்டும். எல்பியை மறந்தும் அந்தக் கிராமபோனில் வைக்காதீர்கள், இரும்பு ஊசி ஒரே ஓட்டத்தில் பாட்டு பதிந்த பள்ளத்தை நாசமாக்கிவிடும். மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று யாராவது வந்தால், முதலில் பட்டியல் எழுதிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நாற்பது எல்பி நனைந்தது, இப்போது பூஞ்சை. தூக்கிப் போடவா? (வியாசர்பாடி)

போடாதீர்கள் சார். எல்பி வினைல், தண்ணீரால் அதற்கு ஒன்றும் ஆகாது, போனது அட்டைதான். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் பேட்டரி தண்ணீரில் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். பழைய உறைக்குள் திரும்பப் போட்டால் பூஞ்சை மறுபடி வரும், புது உறை வாங்குங்கள். இனி படுக்க வைத்து அடுக்க வேண்டாம், நிற்க வையுங்கள், அதுவும் தரையில் இல்லாமல் மேல்தட்டில்.

முதலீடாக வாங்கலாமா? (எண்ணூர்)

சீட்டு கட்டுங்கள்.

நடைபாதையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (மின்ட்)

வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படாத மயிர்க்கோடு பரவாயில்லை, தட்டுப்படும் கீறல் கண்டிப்பாக டிக் டிக் என்று கேட்கும். கண் மட்டத்துக்குத் தூக்கினால் வளைவு தெரியும். லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் பொறித்த எண் லேபிளில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா பாருங்கள். முக்கியமாக, உறைக்குள் அதே தட்டுதான் இருக்கிறதா? போன மாதம்கூட அட்டையைப் பார்த்து 600 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன், வீட்டில் பிரித்தால் உள்ளே ஆங்கிலம் கற்றுத்தரும் பாடத்தட்டு.