சீனியர் போட்டோ: இயர்புக்குக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு

டெக்சாஸ் ஃப்ரிஸ்கோலேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: பொண்ணு வர்ற ஆகஸ்ட்ல பன்னெண்டாவது போறா, சீனியர் போர்ட்ரெய்ட்டுக்கு (ஸ்கூல் கடைசி வருஷத்துக்கு எடுக்குற படம்) ஜூலைல ஒரு தேதி போட்டு ஸ்கூல்லேர்ந்து மெயில் வந்திருக்கு, அப்போ நாங்க கோயம்புத்தூர்ல இருப்போம், போட்டோ பேக்கேஜ் விலைய பாத்தா தலை சுத்துது, இது கட்டாயமா, வெளில ஆள் வெச்சு எடுத்துக்கலாமா, புடவை கட்டலாமா?

ரெண்டு தனித்தனி விஷயத்த ஒண்ணா போட்டு குழப்பிக்கிறீங்க, இங்க நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேர் இப்படித்தான். இயர்புக்ல, அதாவது அந்த வருஷ பசங்க படமெல்லாம் சேத்து ஸ்கூல் போடுற புத்தகத்துல, வர்ற படம் ஸ்கூலோட படம். அதுக்கு அவங்க ஒரு ஸ்டூடியோவோட ஒப்பந்தம் போட்டிருப்பாங்க, எல்லாருக்கும் ஒரே பேக்ரவுண்ட், தலை ஒரே சைஸ், வழக்கமா பொண்ணுங்களுக்கு தோள சுத்தி போத்துற கறுப்புத் துணி, அதுதான் ட்ரேப், பசங்களுக்கு டக்சீடோ. ஊர் ஸ்டூடியோல எவ்ளோ ஜோரா எடுத்துட்டு வந்தாலும் அது பெரும்பாலும் அந்தப் பக்கத்துல சேராது. வெளிப்படத்த ஏத்துக்குற ஸ்கூலும் இருக்கு, இயர்புக்க பாத்துக்குற டீச்சருக்கு (அட்வைசர்) ஒரு மெயில் போட்டா தெரிஞ்சிடும்.

தேதிக்கு பயப்படாதீங்க, ஊருக்குப் போற குடும்பம் நீங்க மட்டும் இல்ல, லீவு முடிஞ்சு வந்தவங்களுக்குன்னு பெரும்பாலும் இன்னொரு நாள் வெச்சிருப்பாங்க. ஆனா ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே அத புக் பண்ணிடுங்க, இயர்புக் டெட்லைன் தாண்டிடுச்சுன்னா அப்புறம் கெஞ்சினாலும் நடக்காது. ட்ரேப்ப பாத்து சில அம்மாக்கள் முகம் சுளிப்பாங்க, தோள் தெரியுதேன்னு. உள்ள, ஸ்ட்ராப் வெளில தெரியாத மாதிரி ஏதாவது போட்டுக்கிட்டு மேல அத போத்திக்கிறதுதான், பொண்ணுக்கே சங்கடமா இருந்தா வேற வழி இருக்கான்னு கேளுங்க, தப்பே இல்ல. இயர்புக் போஸ் மட்டும் காசில்லாம எடுத்துக்க முடியுமான்னும் கேளுங்க, நிறைய எடத்துல முடியும், கேட்டாதான் சொல்லுவாங்க. படம் எடுத்துட்டதால பேக்கேஜ் வாங்கியே ஆகணும்னு எதுவும் கிடையாது. பாட்டிக்கு அனுப்ப ஒரு பிரிண்ட் வேணும்னா வாங்குங்க, எட்டு வாலட் சைஸ், கீசெயின், மக் இதெல்லாம் ஒரு வருஷத்துல டிராயருக்குள்ள போயிடும்.

அந்தக் காச எடுத்து வெளில ஒரு செஷனுக்கு போடுங்கங்கறதுதான் என் கருத்து. ஆனா ஃப்ரிஸ்கோ வெயில்ல ஜூலை ஆகஸ்ட்ல எடுக்காதீங்க, பத்தாவது நிமிஷம் மேக்கப் வழிஞ்சிடும். அக்டோபர் கடைசி, நவம்பர் நல்லா இருக்கும். மணிதான் எடத்தவிட முக்கியம். உச்சி வெயில்ல கண்ணுக்குக் கீழ கருப்பா நிழல் விழும், சூரியன் சாயுற கடைசி ஒரு மணி நேரம் வெளிச்சம் பக்கவாட்டுல மெத்துன்னு வரும், அப்போ சாதாரண பார்க்கிங் லாட் செவுரு கூட அழகா தெரியும். நவம்பர் மொத வாரம் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளினதும் அஞ்சரைக்கே சூரியன் மறைஞ்சிடும், ஸ்கூல் முடிஞ்சு வந்து தலை வாரி ரெடியாகவே நேரம் சரியா போகும், அதனால சனி ஞாயிறா பாருங்க. ப்ளூபானட்ங்கற டெக்சாஸ் நீலப் பூவோட வேணும்னா மார்ச் கடைசி, ஏப்ரல்தான், என்னிஸ் ஊர் பக்கம் நல்லா பூக்கும், ஆனா மே கடைசி கிராஜுவேஷனுக்கு கார்டு அடிக்கணும்னா அது ரொம்ப இறுக்கமாயிடும். பூவுக்குள்ள உக்காரும்போது பாம்பு இருக்கான்னு பாத்துக்கோங்க, விளையாட்டுக்கு சொல்லல.

ரயில் தண்டவாளத்துல மட்டும் வேணாம். போட்டோகிராஃபர் கூப்பிட்டாலும் போகாதீங்க, அது தனியார் எடம், அத்துமீறி நுழைஞ்சதா கேஸ் வரலாம், பின்னாடி வர்ற ரயில் சத்தம் நீங்க நினைக்குற அளவுக்கு முன்னாடியே கேக்காது.

புடவை தாராளமா கட்டலாம், அரங்கேற்றம் பண்ண பொண்ணுன்னா அந்த டிரெஸ்லயும் நாலு படம் எடுங்க, ஆனா அவளுக்கு ஆசை இருந்தா மட்டும். அவ டென்னிஸ் ராக்கெட்டோட ஜீன்ஸ்ல நிக்கணும்னா அதுதான் அவளோட சீனியர் போட்டோ, உங்களோடது இல்ல. புல்லு மேல உக்காந்தா பச்சை முகத்துல அடிக்கும், நியான் கலரும் அப்படித்தான், அரக்கு, மயில் நீலம், கடுகு மஞ்சள் நம்ம நிறத்துக்கு எடுப்பா இருக்கும். கண்ணாடி போடுறவளா இருந்தா கழட்டச் சொல்லாதீங்க, தினமும் பாக்குற முகம் அதான், காது பக்கத்த லேசா தூக்கி வெச்சா கிளேர் போயிடும்.

ஆள் தேடும்போது அவங்க ஆல்பத்துல மாநிறமா, கருப்பா இருக்குற பசங்க எத்தன பேர் இருக்காங்க, அவங்க நிஜ நிறத்துல இருக்காங்களான்னு பாருங்க. சில பேர் ரெடிமேட் ஃபில்டர் ஒண்ண எல்லாருக்கும் போடுவாங்க, நம்ம பிள்ளைங்க ஆரஞ்சு கலர்லயோ சாம்பல் பூசின மாதிரியோ வருவாங்க. பரு எடுக்கலாம், வெள்ளையாக்க வேணாம்னு முன்னாடியே வாயத் தொறந்து சொல்லிடுங்க.

காசு குடுக்குறதுக்கு முன்னாடி எத்தன எடிட் பண்ண படம், ஃபுல் சைஸ் ஃபைல் தருவாங்களா, பிரிண்ட் ரிலீஸ், அதாவது நீங்களே பிரிண்ட் போட்டுக்கலாம்ங்கற அனுமதி, எழுத்துல உண்டான்னு கேளுங்க. இங்க சட்டப்படி காப்பிரைட் படம் எடுத்தவரோடது, நீங்க காசு குடுத்திருந்தாலும் சரி, அந்த லெட்டர் இல்லாம போனா சில கடைகள்ல பிரிண்ட் போட மாட்டேன்னு திருப்பி அனுப்பிடுவாங்க.