வாசகர் கேள்வி பதில்: கோலாலம்பூரை நடந்து பார்ப்பது

கேள்வி: வணக்கம் ஐயா. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது சுங்கை சிப்புட் டவுனில் குடியிருக்கிறேன். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கோலாலம்பூருக்கு அழைத்துப்போய், வழிகாட்டியோடு நடந்தபடி பழைய கட்டடங்களைப் பார்க்கும் சுற்றில் சேர்க்க நினைக்கிறேன். "இரட்டைக் கோபுரத்தையும் பத்துமலையையும் விட்டால் அங்கே நமக்குப் பார்க்க என்ன இருக்கிறது?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது?

பதில்: வணக்கம் சகோதரி. முதலில் நம் ஊருக்கு இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். ஒரு பக்கம் ஈப்போ ரயில் நிலையம், மறுபக்கம் கோலகங்சார் உபுடியா பள்ளிவாசல். இரண்டையும் வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக் என்ற ஒரே கட்டடக் கலைஞர்தான். இரண்டும் 1917ஆம் ஆண்டையொட்டி நிறைவடைந்தவை. அவர் அதற்கு முன்பே கோலாலம்பூரில் 1909இல் மஸ்ஜிட் ஜாமேக் பள்ளிவாசலையும் 1910இல் பழைய ரயில் நிலையத்தையும் கட்டி முடித்திருந்தார். ஆகவே, ஈப்போ நிலையத்தின் வளைவுகளுக்குக் கீழே ரயிலுக்காகக் காத்திருந்த எவருக்கும் கோலாலம்பூரின் பாதிப் பாடம் ஏற்கெனவே கண்ணில் பதிந்திருக்கிறது. அதற்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கிள்ளான், கொம்பாக் ஆறுகள் கூடும் இடத்தில் மஸ்ஜிட் ஜாமேக் நிற்கிறது. அங்கே பிள்ளைகளைச் சற்று நேரம் அமைதியாக நிற்கச் சொல்லுங்கள். செங்கல் நிறப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் மாறி மாறி ஏறும் மினாராக்கள் முன்னால் இருக்கும்; ஆற்றுக்கு அப்பால் 1897இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டு தெரியும்; கண்ணைக் கொஞ்சம் உயர்த்தினால், 678.9 மீட்டர் உயரமுள்ள மெர்டேக்கா 118 கோபுரம் வானத்தில் நிற்கும். நூறாண்டுக்கும் மேலான கட்டடக் கலை ஒரே பார்வையில் அடங்கும் இடம் இந்த நாட்டில் அதிகம் இல்லை என்பது என் கருத்து.

ஆனால் உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்ல விரும்பும் பதில் பெரிய கட்டடங்களில் இல்லை, கடைவீடுகளில் இருக்கிறது. 1881இல் முதலில் தீயும் பிறகு வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அப்போது அங்கிருந்த வீடுகள் பெரும்பாலும் மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையும்தான். அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடண்டாக, அதாவது ஆட்சியை நடத்திய பிரிட்டிஷ் அதிகாரியாக, வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். அதற்கு வேண்டிய செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான், இன்று நாம் வாழை இலையில் சாப்பிடப் போகும் பிரிக்பீல்ட்ஸ். அந்தக் கடைவீடுகளின் முன்னே மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க விட்ட கூரையிட்ட வழியைத்தான் நாம் அஞ்சடி என்கிறோம். நம் டவுனின் பழைய கடை வரிசையிலும் அதே அஞ்சடிதான் இருக்கிறது. புறப்படுவதற்கு முதல் நாள் மாலை பிள்ளைகளை அங்கே நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். ஒரு தூணின் அடியில் பூச்சு பொரிந்து, உள்ளே செங்கல் சிவப்பாகத் தெரியும் இடத்தில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சாந்து சுவரின் ஈரத்தை வெளியே விட்டுவிடும்; பிற்காலத்தில் சிமெண்டும் கெட்டியான சாயமும் பூசியதால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சைத் தள்ளுகிறது. இதைக் கையால் தொட்டு அறிந்த பிள்ளை, கோலாலம்பூரில் வழிகாட்டி சொல்வதை வெறுமனே கேட்டுக்கொண்டிருக்காது, திரும்பிக் கேள்வி கேட்கும்.

துன் எச்.எஸ். லீ சாலையில் லீ ரப்பர் நிறுவனத்தின் பழைய கட்டடத்தையும் தவற விடாதீர்கள். 1930களின் ஆர்ட் டெக்கோ பாணியில், நேர்கோடுகளும் அளவான அலங்காரமுமாகக் கட்டப்பட்டது. கித்தா (ரப்பர்) மரத்தில் விடியுமுன் பால் வெட்டியவர்களின் உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பிள்ளை கேட்டால், பதிலின் ஒரு பகுதியை அந்த மூலையில் நின்று காட்டலாம். உங்கள் வீட்டுக்காரரின் பாட்டியோ பாட்டனோ வெட்டிய பாலுக்கும் அத்தகைய சுவர்களுக்கும் தொடர்பு உண்டு. நமக்கு அங்கே என்ன இருக்கிறது என்று அவர் கேட்டாரல்லவா? இதுவும் இருக்கிறது.

கேள்வி: சென்னை போயிருந்தபோது உயர்நீதிமன்றத்தைப் பார்த்தேன். கோலாலம்பூரின் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தை அப்படியே நினைவூட்டியது. இது என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை ஐயா, உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. முகலாய வளைவு, கும்மட்டம், உள்ளூர் அலங்காரம் ஆகியவற்றை ஆங்கிலேயரின் கட்டட அமைப்போடு கலந்த இந்தோ சாரசெனிக் பாணியை, பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவில், குறிப்பாகச் சென்னையில், பெரிதாக வளர்த்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1892இல் முடிந்தது; கோலாலம்பூர்க் கட்டடத்தின் வேலை 1894இல் தொடங்கியது. கட்டடக் கலைஞர் ஏ.சி. நார்மன் முதலில் ஐரோப்பியப் பாணியில் வரைந்து கொடுத்ததாகவும், இலங்கையில் பணியாற்றிவிட்டு வந்த பொறியாளர் ஸ்பூனர் அதை ஏற்காமல் இந்தப் பாணியைக் கேட்டதாகவும் வரலாறு கூறுகிறது. முஸ்லிம் நாடு என்பதால் இதுவே பொருந்தும் என்று அவர்கள் கருதினார்கள். ஆனால் மலாய்க்காரர்களின் மரவீட்டுக் கலைக்கும் இந்தக் கும்மட்டங்களுக்கும் உறவில்லை. அழகைப் பாராட்டும்போதே, அதைத் தேர்ந்தவர்கள் யார் என்பதையும் வழிகாட்டி சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பேன்.

கேள்வி: சென்ற ஆண்டு என் அம்மாவை இப்படியொரு நடைச்சுற்றுக்கு அனுப்பினேன். வழிகாட்டி ஆங்கிலத்திலேயே வேகமாகப் பேசிக்கொண்டு போனாராம். அம்மா ஒன்றும் புரியாமல், கால் வலியோடு திரும்பி வந்தார். மீண்டும் அழைத்துப்போகலாமா?

பதில்: அவசியம் அழைத்துப்போங்கள். ஆனால் பதிவு செய்யும்போதே, மலாயிலோ தமிழிலோ விளக்குவார்களா, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எங்கே உட்காரலாம் என்ற மூன்றையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டரை மணி நேரம் நிற்பதும் நடப்பதும் வயதானவர்களுக்கு எளிதல்ல. காலையிலேயே தொடங்கும் சுற்றைத் தேர்ந்தெடுங்கள். பிற்பகலில் வெயிலும் மழையும் மாறி மாறி வரும். கே.எல். சென்ட்ரலில் இறங்கி, கொமுட்டர் ரயிலில் ஒரே நிறுத்தம் வந்தால் பழைய ரயில் நிலையத்திலேயே இறங்கலாம். அம்மாவுக்குப் பாதி நடை குறையும், பயணமும் ஹப்பாக்கின் கட்டடத்திலிருந்தே தொடங்கும். பள்ளிவாசலுக்குள் போவதாக இருந்தால் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, தலைக்கு ஒரு துணியை எடுத்துச் செல்லட்டும். மகா மாரியம்மன் கோயிலில் அவர் விரும்பும் நேரம் வரை உட்காரட்டும். 1873இல் தம்புசாமி பிள்ளை தொடங்கிய அந்தக் கோயில் 1885இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. அதன் ஐந்து நிலைக் கோபுரத்தைப் பற்றி, அங்கே நிற்கும் எந்த வழிகாட்டியையும் விட உங்கள் அம்மாவுக்கு அதிகம் தெரிந்திருக்கும். அவரையே பிள்ளைகளுக்கு விளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பேருந்தில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாமே, எதற்கு நடக்க வேண்டும்?

பதில்: 1864இல் சீனர் தலைவர் யாப் ஆ லோய் நிறுவிய சின் சே சி யா கோயில், கடைகளுக்குப் பின்னால் மறைந்து, தெருவின் வரிசைக்கு ஒத்துப்போகாமல் சாய்வாக அமைந்திருக்கிறது. சீனர்களின் வாஸ்துவான ஃபெங் சுயி கணக்குப்படி திசை பார்த்து வைத்ததே அதற்குக் காரணம் என்பார்கள். பேருந்து போகும் சாலையிலிருந்து அந்தச் சாய்வு தெரியாது. சந்துக்குள் நுழைந்து, வாசலின் நேரே நின்று, பிறகு பக்கத்துக் கடைச் சுவரைப் பாருங்கள்.