அப்பாவின் தகரப் பெட்டியும் ஆயுதச் சட்டமும்

கேள்வி: கும்பகோணத்தை அடுத்த கிராமத்தில் விவசாயம் செய்கிறேன். போன மாசியில் அப்பா காலமானார். அவர் பெயரில் லைசென்ஸ் உள்ள .22 ஹார்னெட் ரைபிள், தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தது, இன்னும் அங்கேயே இருக்கிறது. பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. அதில் தோட்டா நிரப்பும் கைக்கருவி, அதன் அச்சுகள், 60 காலித் தோட்டாக் கூடுகள், ஓர் அட்டை நிறையக் கெப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), ஒரு டப்பா வெடிமருந்து, 23 முழுத் தோட்டாக்கள் எல்லாம் இருந்தன. கடைகளில் இந்தத் தோட்டா கிடைப்பதில்லை. விற்காமல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் நிரப்பினால் குற்றமில்லை என்கிறார் மைத்துனர். நிரப்பலாமா? ரைபிள் என் பெயருக்கு மாறுமா? வயலில் மயில் தொல்லை வேறு.

பதில்: ஒரு கூட்டைக்கூட நிரப்பிப் பார்க்காதீர்கள். நிலையத்தில் இருக்கும் ரைபிளால் உங்களுக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. ஆபத்து உங்கள் பரணில்தான் இருக்கிறது.

மைத்துனர் சொல்வதில் பாதி சட்டத்தில் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் ‘சொந்த உபயோகம்’ என்ற பேச்சு வருகிறது. சொந்த உபயோகத்துக்குச் சட்டப்படி வைத்திருப்பதை, தகுதியுள்ள இன்னொருவருக்கு வணிக உரிமம் இல்லாமலே விற்கலாம் என்கிறது அது. அந்தச் சலுகை விற்பனைக்கும் கைமாற்றத்துக்கும் மட்டும்தான், தயாரிப்புக்கு இல்லை. தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். அப்பா வைத்திருந்தது படிவம் 3 லைசென்ஸ். அது வாங்க, வைத்திருக்க, எடுத்துச்செல்ல மட்டுமே. உரிமமில்லாத தயாரிப்புக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை போகலாம். பத்துத் தோட்டா நிரப்பினாலும் பிரிவு அதேதான்.

‘தோட்டா’ என்பதற்குச் சட்டம் தரும் பொருளையும் பாருங்கள். 2ஆம் பிரிவின்படி தோட்டாவின் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும்கூடத் தோட்டாக் கணக்கில் சேரும். அதாவது அந்தக் கைக்கருவியே பிரச்சினை. 45ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாத சிறு பாகங்கள் குற்றமாகாது. அலமாரியில் காலிக் கூடு நாலு மட்டும் கிடந்தால் இந்த விலக்கைக் காட்டி வாதாடலாம். கூடு, கெப்பு, மருந்து, கருவி நான்கும் ஒரே பெட்டியில் இருக்கும்போது அந்த வாதம் நிற்பது கஷ்டம்.

அடுத்தது அந்த 23 தோட்டா. லைசென்ஸ் அப்பாவோடு முடிந்துவிட்டது, வாரிசுக்குத் தானாக வராது. உரிமமில்லாமல் தோட்டா வைத்திருந்தால் 25(1பி) பிரிவில் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. பெட்டி இருப்பதே தெரியாதவரை உங்கள் மேல் பழி வராது. உடைமை என்றால் அறிந்து வைத்திருப்பது என்று உச்ச நீதிமன்றம் 1972இல் குன்வந்த்லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. இப்போது உங்களுக்குத் தெரியும். தாமதிக்கிற ஒவ்வொரு வாரமும் உங்கள் பக்கத்தைப் பலவீனமாக்கும். 21ஆம் பிரிவு தேவையற்ற தாமதமின்றி ஒப்படைக்கச் சொல்கிறது.

ஒப்படைக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போகாதீர்கள். வழியில் வாகனச் சோதனையில் நிறுத்தினால் கதை வேறாகிவிடும். முதலில் கடிதம் மட்டும் கொண்டுபோங்கள், இரண்டு பிரதி. அப்பா பெயர், இறந்த தேதி, லைசென்ஸ் எண், பெட்டி கிடைத்த நாள், உள்ளே இருப்பவை எண்ணிக்கையோடு. போலீசார் வீட்டுக்கு வந்து மகஜர் (எடுக்கும் பொருட்களின் பட்டியல்) எழுதி எடுத்துச்செல்லக் கேளுங்கள். கையோடு, மனு பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். எழுத்தர் “அப்புறம் வாங்க” என்றால், அதே கடிதத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் கலெக்டருக்கும் ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்பிவிடுங்கள். நீங்களாக முன்வந்து சொன்னதற்கு அதுவே சாட்சி. இப்படிப்பட்ட வழக்கு தொடரக் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 39ஆம் பிரிவு. அந்த மேசைக்கு உங்கள் கடிதம் முதலில் போய்ச் சேரட்டும்.

அதுவரை பெட்டி அடுப்படியிலும் சாமி விளக்குப் பக்கமும் இருக்கக் கூடாது. மருந்து டப்பாவின் மூடி துருவேறியிருந்தால் நெம்பாதீர்கள். புளித்த நெடியோ செம்பழுப்புத் தூளோ தெரிந்தால் மருந்து சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள், கடிதத்தில் அதைக் கட்டாயம் எழுதுங்கள். தோட்டாவைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: வெடிபொருளைப் பிரிப்பதும் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி ‘தயாரிப்பு’தான். வாய்க்காலில் போடுவதும் வேண்டாம். மேட்டூர் திறக்குமுன் தூர்வாரும்போது யாரோ ஒருவர் மண்வெட்டியில் அது சிக்கும்.

நிரப்புவதில் சட்டத்துக்கு அப்பாற்பட்ட ஆபத்தும் இருக்கிறது. ஹார்னெட் கூடு மிகச் சின்னது, சுவர் மெல்லியது. பெரிய ரைபிள் தோட்டாவில் பெரிதாகத் தெரியாத மருந்துப் பிசகு, இதில் அழுத்தத்தை எங்கேயோ கொண்டுபோய்விடும். பழைய ஹார்னெட் ரைபிள்கள் சிலவற்றின் குழல் .223 அங்குலக் குண்டுக்கானது, இப்போதைய குண்டு .224. பலமுறை நிரப்பிய கூட்டின் கழுத்தில் மயிரிழைக் கீறல் விழும். நீங்கள் அனுப்பிய படத்தில் இடது ஓரக் கூட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள், அப்படியொரு கோடு தெரிகிறது.

இனி ரைபிள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25ஆம் விதி வாரிசுக்கு வழி தருகிறது. படிவம் ஏ-1இல் தஞ்சாவூர் கலெக்டரிடம் விண்ணப்பியுங்கள். தாசில்தாரின் வாரிசுச் சான்று, உடன்பிறந்தவர்களின் ஆட்சேபமில்லாக் கடிதம், மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, நிலையத்தில் ஒப்படைத்த ரசீது ஆகியவை வேண்டும். ரசீதிலும் லைசென்ஸ் புத்தகத்திலும் ரைபிள் எண் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். புத்தகத்தில் ஆயுத லைசென்ஸ்களுக்கான தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். மயிலாடுதுறை, நாகை, திருவாரூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய புத்தகத்தில் தஞ்சாவூர் முத்திரை இருந்தாலும், விண்ணப்பம் நீங்கள் இப்போது குடியிருக்கும் மாவட்டத்தில்தான்.

காரணம் என்ற கட்டத்தில் மயிலை எழுதாதீர்கள். மயில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சுட்டால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு கேட்டு மனுக் கொடுங்கள். ரைபிளுக்கு, துப்பாக்கி கிளப் உறுப்பினராகி இலக்குப் பயிற்சி என்று எழுதுவது நேர்மையான வழி.

உரிமம் கிடைத்தாலும் ஹார்னெட் தோட்டாவுக்கு லைசென்ஸ் பெற்ற வணிகரை நம்பியே இருக்க வேண்டும். கடைக்காரர் ‘.22’ என்று மட்டும் பார்த்து எல்.ஆர். (லாங் ரைபிள் என்ற வேறு ரகம்) தோட்டா கொடுத்தால் வாங்காதீர்கள். அடியைத் திருப்பினால் தெரியும்: ஹார்னெட்டில் நடுவே வட்டமாகக் கெப்பு இருக்கும், எல்.ஆர். அடி வழவழவென்றிருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. தோட்டா கிடைக்கவே வழியில்லை என்றானால் ரைபிளை விற்றுவிடலாம். நிலையத்தில் இருப்பதை விற்கும் உரிமையை 21ஆம் பிரிவு வாரிசுக்குத் தருகிறது. அதற்கான காலக்கெடு தாண்டினால் பறிமுதல் ஆகிவிடும். ஆகவே கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று, பெட்டிக்கான கடிதத்தைக் கொடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.