பொறுப்பில் இருப்பவர் நேர்மையானவர், விலையும் குறைவு என்றால் அவர் தன் குடும்பத்துக்கே ஒப்பந்தம் கொடுப்பதில் என்ன தவறு என்று கேட்கிறீர்கள்.

இதே கேள்வியைப் பல ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் நேரில் கேட்டவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழு உறுப்பினர். நான் சேலம் மாவட்டத்தில் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சேர்வராயன் மலையில் இருந்த அந்தச் சங்கத்தின் கணக்கைப் பார்க்கச் சென்றபோது, அவர்கள் உரக் கிடங்காக வாடகைக்கு எடுத்திருந்த கட்டடம் அந்த உறுப்பினரின் மனைவி பெயரில் இருப்பது சொத்து வரி ரசீதில் தெரிந்தது. அதைப் பற்றிக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை, முகம் வாடிப்போயிற்று. "இந்த மலையில வேற யாராவது இந்த வாடகைக்கு இடம் கொடுப்பாங்களான்னு நீங்களே விசாரிச்சுப் பாருங்க சார். சங்கத்துக்கு நல்லது செய்யணும்னுதானுங்க கொடுத்தேன். இதுல என்னங்க தப்பு?" என்றார். விசாரித்தேன். அக்கம்பக்கத்தில் அதே அளவுள்ள கட்டடங்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே வாடகை இருந்தது. அவர் சொன்னது முழுக்க உண்மை.

மறுநாள் காலை இருப்புச் சரிபார்ப்புக்காகக் கிடங்கைத் திறந்தார்கள். ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கூரைத் தகடு சுவரைச் சேரும் இடத்திலிருந்து தரைவரை பழுப்பு நிறத்தில் நீர்க்கோடு இறங்கியிருந்தது. அதன் மேல் புதிதாக ஒன்று, இன்னும் ஈரமாக. மூட்டைகளின் மேல் நீலத் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். அடி வரிசையில் இருந்த யூரியா மூட்டை ஒன்றைக் கையால் அழுத்தினேன். கருங்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. கட்டிதட்டிப்போன மூட்டைகளைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லி எண்ணியபோது 37 வந்தது. வாடகை ஒப்பந்தத்தில், கூரைப் பழுதை உரிமையாளரே தம் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் மூன்று மழைக்காலங்களாக ஒழுகியும், சங்கத்திலிருந்து உரிமையாளருக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. ஏன் என்று செயலாளரிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்க சம்பள உயர்வுத் தீர்மானத்துல கையெழுத்துப் போடறவரே அவருதானுங்களே சார். உங்க வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு அவருக்கே நான் எப்படிங்க நோட்டீஸ் எழுதறது?"

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தச் செயலாளர் சொன்னதில்தான் இருக்கிறது. நலன் முரண்பாடு, அதாவது ஒருவரின் பொறுப்பும் சொந்த லாபமும் மோதும் நிலை என்றாலே, ஒப்பந்தம் போடும் நாளில் விலையை ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதனால் விலை சரியாக இருந்தால் மனம் சமாதானமாகிவிடுகிறது. என் அனுபவத்தில் பெரும்பாலான சேதம் அன்றைக்கு நேர்வதில்லை. அது பின்னால், வேலை சரியில்லை என்று யாராவது தட்டிக்கேட்க வேண்டிய நாளில் நேர்கிறது. கேட்க வேண்டியவரும் கேட்கப்பட வேண்டியவரும் ஒரே வீட்டில் இருந்தால், கேள்வி எழாமலே போய்விடும். அதற்கு யாரும் திருடராக இருக்க வேண்டியதில்லை.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். நம் சங்ககிரியில் ஆலை வைத்திருக்கும் இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம் 2008இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை ஏலத்தில் எடுத்தது. அப்போது அந்த நிறுவனத்தை நடத்திவந்த என். சீனிவாசன் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளராகவும் இருந்தார். வாரியத்தின் விதி 6.2.4, வாரியம் நடத்தும் போட்டிகளில் அதன் நிர்வாகிகளுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக நலன் இருக்கக் கூடாது என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐபிஎல், சாம்பியன்ஸ் லீக் டி20 போன்ற போட்டிகளுக்கு அந்த விதி பொருந்தாது என்று திருத்திக்கொண்டார்கள். ஐந்தாண்டுகள் அந்தத் திருத்தம் அப்படியே நின்றது. 2013இல் சூதாட்டப் புகாரில் அவருடைய மருமகன் கைதானபோதுதான், வாரியத் தலைவராக ஆகியிருந்தவரின் சொந்த அணியை அதே வாரியம் விசாரிக்க வேண்டிய நிலை வந்தது. வாரியம் அமைத்த விசாரணைக் குழு சட்டப்படி அமைக்கப்படவில்லை என்று மும்பை உயர் நீதிமன்றம் கூறியது. 2015 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதித் திருத்தத்தையே ரத்து செய்து, வணிக நலன் இருக்கும்வரை அவர் வாரியத் தேர்தலில் போட்டியிட முடியாது என்றது. விசாரணையை அவர் மூடிமறைத்தார் என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்: குற்றம் நிரூபணமாகாதவருக்கும் அந்த விதி பொருந்தியது.

வங்கித் துறையில் இது பழைய பாடம். 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 20ஆவது பிரிவு, ஒரு வங்கி தன் இயக்குநருக்கோ, அவருக்கு நலன் உள்ள நிறுவனத்துக்கோ கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. அவர் வட்டி ஒழுங்காகக் கட்டுவாரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. தவணை தவறினால் எந்த மேலாளர் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்பதே கவலை. கம்பெனிகள் சட்டம், 2013, பிரிவு 184 இன்னொரு வழியைக் காட்டுகிறது: நலன் உள்ள இயக்குநர் அதை வெளிப்படுத்த வேண்டும், அந்தப் பொருள் பேசப்படும் கூட்டத்தில் பங்கெடுக்கக் கூடாது.

அரசியல் பொறுப்புகளில் சட்டம் இவ்வளவு தெளிவாக இல்லை என்பதுதான் என் வருத்தம். ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, அவர் பங்குதாரராக இருந்த நிறுவனம் அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கியது. விசாரணை நீதிமன்றம் 2000இல் தண்டித்தது. உயர் நீதிமன்றம் 2001இல் விடுவித்தது. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதிசெய்தது. அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளில் இத்தகைய கொள்முதலுக்குத் தடை இருந்தும், அந்த விதிகளுக்குச் சட்டத்தின் வலு இல்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதை நீதிபதிகள் அவருடைய மனச்சாட்சிக்கு விட்டார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றமே மனச்சாட்சியை நோக்கிக் கைகாட்ட வேண்டியிருந்தது என்றால், எழுதப்பட்ட சட்டத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை இருந்திருக்க வேண்டும்!

நான் மற்றவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. என் மச்சினன் உறுப்பினராக இருந்த ஒரு சங்கத்தின் தணிக்கை எனக்கு ஒதுக்கப்பட்டபோது, காரணத்தை எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டேன். "என்னைச் சந்தேகப்படறீங்களா மாமா?" என்று கேட்டவர், ஆறு மாதம் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவர்மேல் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. ஆனால் அந்தச் சங்கத்தில் ஒரு குறையும் இல்லை என்று நான் எழுதியிருந்தால், மற்ற உறுப்பினர்கள் அதை நம்ப முடியாது.

உங்கள் ஊரில் இப்படி ஏதாவது நடந்திருந்தால், விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். ஒப்பந்த நகல், வேலையை அளந்து கையெழுத்திட்டவர் யார், குறை கண்டு அனுப்பிய கடிதம் ஏதாவது உண்டா என்ற மூன்றையும் கேளுங்கள். உள்ளாட்சி அமைப்பு என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு கொடுக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவாக அந்தச் சட்டத்தின் கீழ் வராது என்று 2013இல் தீர்ப்பு வந்துவிட்டதால், சங்கத்தைப் பற்றிய தகவலைக் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

அந்த மலைச் சங்கத்தில் என் தணிக்கை ஆட்சேபனைக்குப் பிறகு கூரையைச் சரிசெய்தார்கள். சேத மதிப்பில் ஒரு பகுதியை அந்த உறுப்பினரே கட்டினார். அடுத்த தணிக்கைக்கு வந்தவர் என் நண்பர். வாடகைப் புதுப்பிப்புத் தீர்மானத்தைப் படித்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்த உறுப்பினர் தம் மனைவியின் கட்டடம் என்று அறிவித்துவிட்டு வெளியேறினார் என்றும், மற்றவர்கள் பேசி முடித்த பிறகே உள்ளே அழைக்கப்பட்டார் என்றும் மினிட் புத்தகத்தில் எழுதியிருந்ததாம். கட்டடம் அதேதான். கூரையை ஆண்டுதோறும் ஆடி மாதத்துக்குள் செயலாளர் பார்வையிட்டு எழுத்தில் அறிக்கை தர வேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.