கொஞ்சம் என்பது எத்தனை மில்லி?

அம்மா, வணக்கம். போன வாரம் எனக்குக் காய்ச்சல். "நானே வாஷிங் மெஷின்ல துணியைப் போடுறேன்" என்று என் கணவர் கிளம்பினார். படுத்தபடியே "லிக்விட் கொஞ்சம் ஊத்துங்க" என்றேன். பாத்திரம் கழுவும் லிக்விடை எடுத்து இரண்டு மூடி ஊற்றிவிட்டார். நுரை சோப்பு டிராயர் வழியாகப் பொங்கி ஹால் வரை வந்துவிட்டது. அதே துணியோடு போன என் கம்பளி ஸ்வெட்டர் குழந்தைச் சட்டை அளவுக்கு ஆகிவிட்டது. மறுநாள் இரும்புச் சட்டியை ராத்திரி முழுக்க ஊறப்போட்டுத் துருப்பிடிக்க வைத்தார். பாத்ரூமைச் சுத்தம் செய்கிறேன் என்று ப்ளீச்சையும் டாய்லெட் ஆசிடையும் ஒன்றாக ஊற்றி, கண் எரிய இருமிக்கொண்டு ஓடிவந்தார். எல்லாவற்றையும் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது அவர் எந்த வேலைக்கும் வருவதில்லை. நான் சிரித்தது தப்பா? டப்பாவை இடம் மாற்றி வைப்பது, டவலைக் கோணலாக மடிப்பது, இதெல்லாம் எப்போது திருந்தும்?

அன்புள்ள மகளுக்கு,

வேலையைச் சொல்லிவிட்டு அளவைச் சொல்லாமல் விடுகிறோமே, அதைப் பற்றி எழுத வேண்டும் என்று சில நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தில் 'கொஞ்சம்' என்ற சொல்லைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

டவலையும் டப்பாவையும் விட்டுவிடுங்கள். கோணலாக மடித்த டவலும் ஈரத்தைத் துடைக்கும்.

பாத்ரூம் விஷயத்தை மட்டும் தயவுசெய்து இனி யாரிடமும் வேடிக்கையாகச் சொல்லாதீர்கள். ப்ளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலை அரிக்கும் விஷம். ப்ளீச்சோடு அம்மோனியா கலந்த கிளீனர் சேர்ந்தாலும் விஷ வாயுதான். அவர் வெளியே ஓடிவந்தது மிகச் சரி. கழுவிவிட்டு வரலாம் என்று உள்ளேயே நின்றிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும். அப்படி நேர்ந்தால் உடனே வெளியே வந்து காற்றோட்டமான இடத்துக்குப் போக வேண்டும். இருமலோ மூச்சுத் திணறலோ நிற்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். முதல் வேலையாக இரண்டு பாட்டில்களையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தது யார்?

இனி நுரைக்கு வருகிறேன். பாத்திரம் கழுவும் லிக்விட் கையால் தேய்க்கும்போது நுரைக்க வேண்டும் என்றே செய்யப்பட்டது. மெஷினுக்கான லிக்விடில் நுரையை அடக்கும் பொருளும் சேர்த்திருப்பார்கள். முன்பக்கம் கதவுள்ள மெஷின் குறைந்த தண்ணீரில் துணியைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே போய்க் கலக்கும். தயிர் கடைகிற மாதிரிதான். நுரை டிரம்மை நிரப்பிவிட்டால் துணிகள் ஒன்றோடொன்று உரசாது, அழுக்கும் போகாது. தண்ணீரைத் தள்ளும் பம்ப் நுரையைத் தள்ளத் திணறும். அதனால்தான் மெஷின் பாதியில் நின்று விளக்கை மினுக்கும்.

அந்த நேரத்தில் பலரும் பதறிப்போய் தரையில் தண்ணீர் ஊற்றி மாப் போடுவார்கள். தண்ணீர் பட்டால் நுரை இன்னும் பெருகும். முதலில் கரண்ட்டை நிறுத்துங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு ப்ளக்கைத் தொட வேண்டாம், மெயின் ஸ்விட்சை அணையுங்கள். அரை மணி நேரம் அப்படியே விட்டால் நுரை தானாக அமுங்கும். தரையில் இருப்பதைக் குப்பை முறத்தால் அள்ளி, மிச்சத்தைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு மெஷினின் அடியில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, தட்டையான தட்டு ஒன்றை வைத்து, ஃபில்டரை மெதுவாகத் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். வெந்நீரில் ஓடியிருந்தால் ஆறட்டும். கடைசியாகத் துணியை எடுத்துவிட்டு, சோப்பே இல்லாமல் அலசல் மட்டும் மூன்று நான்கு முறை ஓட்டுங்கள். ஒரு முறை கொஞ்சம் ஃபேப்ரிக் கண்டிஷனர் சேர்த்தால் நுரை சீக்கிரம் அடங்கும்.

பாருங்கள், நானும் 'கொஞ்சம்' என்று எழுதிவிட்டேன். ஒரு மேசைக்கரண்டி, 15 மில்லி. இப்படித்தான் சொல்ல வேண்டும்.

இந்த ஒரு சொல் மேல் எனக்கு அவ்வளவு கோபம். பத்து வருஷம் அந்த மெஷினை ஓட்டிய உங்கள் கைக்கு 'கொஞ்சம்' எவ்வளவு என்று தெரியும். மூடிக்குள் இருக்கும் கோட்டை நீங்கள் பார்ப்பதுகூட இல்லை, கை தானாக நின்றுவிடும். அவர் கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. 'கொஞ்சம்', 'பார்த்து', 'வழக்கம்போல' என்று மூன்று சொற்களில் ஒரு வேலையையே கொடுத்துவிட்டு, பிறகு சிரித்தால் எப்படி? எந்த லிக்விட், எந்த பாட்டில், எத்தனை மில்லி, எந்தப் பட்டன் என்று நான்கு வரி சொல்லியிருந்தால் ஹால் நனைந்திருக்காது. இதெல்லாம் பொது அறிவு என்பார்கள். பொது அறிவே இல்லை, கற்றுத் தேர்ந்த தொழில். நீங்களே உங்கள் தொழிலை மதிக்காமல் 'சும்மா கொஞ்சம் ஊத்துறதுதானே' என்றால் வேறு யார் மதிப்பார்கள்?

அவரையும் விடப்போவதில்லை. பாத்திரத்துக்கானது என்று பாட்டிலின் முன்பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதைப் படிக்காமல் ஊற்றியது அவர் தப்பு. பாட்டிலை எடுத்து வந்து உங்களிடம் ஒரு முறை காட்டிக் கேட்டிருக்கலாம்.

ஸ்வெட்டர் முழுக்கத் திரும்பாது. கம்பளி இழையில் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் சுழற்சியும் சேர்ந்தால் அவை ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் தலைக்குப் போடும் கண்டிஷனரைக் கலந்து அரை மணி ஊறவைத்து, டவலில் சுருட்டி ஈரத்தை எடுத்து, எல்லாப் பக்கமும் மெதுவாக இழுத்துவிட்டுத் தட்டையாகக் காயப்போடுங்கள். வந்த அளவு லாபம்.

இரும்புச் சட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. துருவைத் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவையுங்கள். எண்ணெயை மெல்லிசாகப் பூசி, பூசியதையும் துடைத்தெடுத்துவிட்டு, லேசாகப் புகை வரும்வரை சூடாக்குங்கள். எண்ணெய் கூடினால் பிசுபிசுத்துவிடும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் கருப்பு திரும்ப ஏறும். இதை அவரிடமே கொடுங்கள். தான் கெடுத்ததைத் தானே சரிசெய்தால் கை பழகும்.

சிரித்தது தப்பா என்று கேட்டீர்கள். அவரோடு சேர்ந்து சிரித்திருந்தால் ஒன்றுமில்லை. அவர் இருக்கும்போதே மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்ததுதான் அவரை உட்கார வைத்துவிட்டது. போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

பிறகு துணிக்கான லிக்விடின் அளவு மூடியில், பாட்டிலின் முதுகில் போட்டிருக்கும் அளவுக்கு நேராக, வெளிப்பக்கம் அழியாத மையால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை துணியை அவரே போடட்டும். நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஒரே ஒரு அடையாளம் சொல்லிக்கொடுங்கள்: கண்ணாடிக் கதவுக்குள் துணி புரள்வது தெரிய வேண்டும், நுரை ஓரத்தில் மெல்லிய வளையமாக நின்றால் சரி. துணியே தெரியாமல் வெள்ளையாக மூடினால் நிறுத்திவிட்டு உங்களைக் கூப்பிடட்டும்.