பிடித்த வீரருக்காக மட்டும் டிக்கெட் வாங்காதீர்கள்

கேள்வி: டொரண்டோவில் வசிக்கிறோம். 11 வயது மகளுக்கு, பனித்தளத்தில் சறுக்கியபடி இசைக்கு ஆடித் தாவும் ஃபிகர் ஸ்கேட்டிங் என்றால் உயிர். அமெரிக்க வீரர் இலியா மாலினினை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள். ஒரு போட்டிக்குத்தான் கையில் பணம் இருக்கிறது. உலகப் போட்டிக்குப் போவதா, கிராண்ட் பிரீக்கா? – ஒரு வாசகி

பதில்: கிராண்ட் பிரீக்கே போங்கள். உள்நாட்டிலேயே நடக்கும் ஸ்கேட் கனடா போதும். ஆனால் மாலினினை நம்பி வாங்காதீர்கள். கிராண்ட் பிரீ என்று இலையுதிர் காலத்தில் ஆறு நாடுகளில் ஆறு போட்டிகள் நடக்கின்றன; ஸ்கேட் கனடா அவற்றில் ஒன்று. ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டில்தான் இடம். பட்டியலில் இருந்தவர்கூட காயம் என்று கடைசி வாரத்தில் விலகலாம். அதற்காக உங்கள் பணம் திரும்பாது. பெரிய சாதனை பெரிய போட்டியில்தான் நடக்கும் என்றும் இல்லை: முன்னோக்கிச் சறுக்கியபடி எழும்பும் ஆக்ஸெல் தாவலை நான்கரைச் சுற்றோடு உலகிலேயே முதன்முதலாக மாலினின் போட்டியில் செய்து காட்டியது 2022 செப்டம்பரில், அமெரிக்காவின் லேக் பிளாசிட் என்ற சிற்றூரில், பலர் பெயரே அறியாத ஒரு போட்டியில்!

ஒரு விதிவிலக்கு உண்டு. நாட்டின் முன்னணி வீரர் அநேகமாக வந்தே தீரும் இடம், ஜனவரியில் நடக்கும் தேசியப் போட்டி. உலகப் போட்டிக்கான அணியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் முடிவைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். மாலினின் அமெரிக்கர், எனவே அமெரிக்க தேசியப் போட்டி. எல்லை தாண்டிப் போக உரிய ஆவணங்களும் விடுப்பும் இருந்தால் மட்டும் யோசியுங்கள். அங்கும் காயம்பட்டவருக்கு விலக்கு கொடுத்து அணியில் சேர்ப்பதுண்டு என்பதை மறக்காதீர்கள்.

இனி, நான் திரும்பத் திரும்பச் சொல்வது: இணையத்தில் தேடியதும் மேலே வந்து நிற்கும் மறுவிற்பனைத் தளங்களைத் தொடாதீர்கள். பார்வைக்கு அசல் விற்பனையகம் போலவே இருக்கும். இருக்கை எண் இல்லாமல் "கீழ்த்தளம்" என்று மட்டும் போட்டிருந்தால், அந்த டிக்கெட் இன்னும் அவர்கள் கையிலேயே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஏமாந்து வாசலில் நின்ற ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். போட்டியை நடத்தும் சங்கத்தின் பக்கத்திலிருந்தே உள்ளே போங்கள்.

நடத்துபவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு போட்டியின் எல்லா நாளுக்கும் சேர்த்த முழுத் தொடர் டிக்கெட்டை முதலில் விற்றுவிட்டு, நாள் டிக்கெட்டைப் பல வாரம் கழித்து விடுகிறார்கள். விரிவான நேர அட்டவணை அதற்கும் பிறகுதான். பள்ளிக்கு விடுப்புச் சொல்ல வேண்டிய பெற்றோரை யார் நினைக்கிறார்கள்?

இருந்தும் முழுத் தொடர் டிக்கெட்டையே வாங்குங்கள், வீரர்களின் பயிற்சியைப் பார்க்கும் நேரமும் அதில் சேர்ந்திருந்தால். காலையில் அரங்கம் பாதிக்கு மேல் காலி. ஒவ்வொருவரின் பாட்டும் முறைவைத்து ஒலிக்கும். பிளேடு பனியைக் கீறும் ஓசை இருக்கைவரை கேட்கும். விழுந்தவர் எழுந்து, தொடையில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, அதே தாவலை மறுபடி எடுப்பதை உங்கள் மகள் பக்கத்தில் இருந்து பார்ப்பாள். அவளுக்கு ஒரு கம்பளிச் சால்வை கொண்டுபோங்கள்.