பெண்பிள்ளைகளின் படிப்பும் விளையாட்டும் உடல்நலமும்: கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துப் பெண்கள் பாடசாலையொன்றில் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரையுள்ள பிள்ளைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாய்: டீச்சர், மகள் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்திருக்கிறாள். நகரத்துப் பெண்கள் பாடசாலையில் சேர்ப்பதா, பக்கத்திலுள்ள கலவன் பாடசாலையிலேயே விடுவதா?

பெண்கள் பாடசாலை என்பதற்காகவே கணிதமும் விஞ்ஞானமும் நன்றாக வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பால்கே, ஹைட், அலிசன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 21 நாடுகளைச் சேர்ந்த 184 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2014 இல் வெளியிட்ட ஆய்வில், குடும்ப வசதி போன்றவற்றையும் கணக்கிலெடுத்து ஒப்பிட்டபோது, இருவகைப் பாடசாலைகளுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் மைதானத்தில் நான் கண்டது வேறு. பன்னிரண்டு வயதில், உடல் மாறத் தொடங்கும் நேரத்தில், பையன்கள் பார்க்கிறார்கள் என்று ஓடுவதையே விட்டுவிடும் பிள்ளைகள், பெண்கள் மட்டும் நிற்கும் வலைப்பந்துத் திடலில் வெட்கமின்றித் துள்ளி விளையாடுவார்கள். ஆகவே பாடசாலையின் பெயரைப் பார்க்காமல், உடற்கல்விப் பாடவேளை உண்மையாகவே நடக்கிறதா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று விசாரியுங்கள். பஸ்ஸிலேயே நாளுக்கு மூன்று மணித்தியாலம் போய்விடுமென்றால், பக்கத்துப் பாடசாலையே நல்லது.

பண்டாரவளையிலிருந்து ஓர் இளம் ஆசிரியை: தவணைப் பரீட்சை நெருங்கினால் என் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

கொடுக்காதீர்கள் தங்கச்சி. சுகாதாரமும் உடற்கல்வியும் ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை கட்டாய பாடம். மனமிருந்தால் நடத்தும் பாடமல்ல. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் நம் 40 நிமிடப் பாடவேளை எத்தனை சிறியது என்று அதிபரிடம் பணிவாகக் காட்டுங்கள்.

அதற்கும் மேலாக, கணித ஆசிரியரை உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழாம் தரத்தில் பொது மடங்குகளுள் சிறியது விளங்காமல் தவித்த வகுப்பை நான் வெளியே அழைத்துச்சென்று இரண்டு வட்டமாக நிறுத்தினேன். ஒரு வட்டம் மூன்றாம் எண்ணிக்கைக்கு ஒருமுறை கைதட்ட வேண்டும். மற்றது நான்காம் எண்ணிக்கைக்கு ஒருமுறை காலைத் தட்ட வேண்டும். பன்னிரண்டில் கையும் காலும் ஒன்றாக ஒலித்தபோது, “டீச்சர், சேர்ந்துட்டு!” என்று பின்வரிசைப் பிள்ளைதான் முதலில் கத்தினாள். பரதம் படிக்கும் பிள்ளைகள் அதையே திஸ்ரம் (மூன்று), சதுஸ்ரம் (நான்கு) என்று உடனே பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு நாள் மணிக்கட்டில் நாடியைத் தொட்டு 15 விநாடிக்கு எண்ணி, நான்கால் பெருக்கி, ஓடுவதற்கு முன்னும் பின்னும் எழுதி வரைபு வரையச் செய்யுங்கள். இதயம் பற்றிய விஞ்ஞானப் பாடம் அதிலேயே பாதி முடிந்துவிடும்.

கொட்டகலையிலிருந்து ஒரு தந்தை: மகள் அண்மையில் பெரியவளானாள். இனி ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்று அவளுடைய அப்பாயி சொல்கிறார்.

பெரியவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் ஓடுவதாலோ குதிப்பதாலோ கருப்பைக்குக் கேடு எதுவும் வராது. மாதவிடாய் நாட்களில் மெல்லிய உடற்பயிற்சி வலியைக் குறைக்கவும் செய்யும். அத்துடன் எலும்பு மிக வேகமாகத் திடமாவது ஏறத்தாழ இந்த வயதில்தான். குதித்து விளையாடும் விளையாட்டு அதற்கு வேண்டும். சடங்கைச் சிறப்பாகச் செய்யுங்கள், ஆனால் அதற்காக வாரக்கணக்கில் பாடசாலையை நிறுத்தாதீர்கள். ஏழாம் தரத்தில் தவறவிட்ட மூன்று வாரக் கணிதத்தால் ஒன்பதாம் தரத்தில் அழுத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். எழுந்து நடக்க முடியாத அளவு வலியோ அளவுக்கு மீறிய இரத்தப்போக்கோ இருந்தால் மட்டும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பதுளையிலிருந்து எட்டாம் தர மாணவி: மிஸ், இரண்டாம் பாடத்திலேயே தூக்கம் வருகிறது, ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்குகிறது. நான் சோம்பேறியா?

இல்லை மகளே. அந்தச் சொல்லை உன்மேல் நீயே போட்டுக்கொள்ளாதே. முதலில் வைத்தியசாலையில் இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்கச் சொல். உன் வயதுப் பிள்ளைக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்கும்போதெல்லாம் நம் பிள்ளைகளின் பதில் ரொட்டியும் சாயத்தண்ணியும் என்பதுதான். தேயிலையில் உள்ள பொருட்கள் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. அம்மா பறிக்கும் கொழுந்தைக் குறை சொல்லவில்லை. சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடி, போதும். கீரை, கடலை, நெத்தலியோடு தேசிக்காயோ கொய்யாப்பழமோ சேர்த்துக்கொள். அவற்றிலுள்ள விற்றமின் சி இரும்பு சேர உதவும். பாடசாலையில் வாரத்துக்கொரு இரும்புச்சத்து மாத்திரை தந்தால் சன்னல் வழியே எறிந்துவிடாதே. பதின்மூன்று வயதில் இரவில் எட்டு முதல் பத்து மணித்தியாலம் தூங்க வேண்டும். கைபேசியை அடுப்பங்கரையில் வைத்துவிட்டுப் படு.

நானுஓயாவிலிருந்து ஒரு தாய்: ஆறாம் தரத்தில் போடும் எச்.பி.வி. ஊசி அவசியமா?

அவசியம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் அந்த ஊசி 2017 முதல் இலவசமாகப் போடப்படுகிறது. சம்மதக் கடிதத்தில் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

புசல்லாவையிலிருந்து ஓர் ஆசிரியை: எங்களுக்கு மைதானமே இல்லை, ஆனி மாதமென்றால் மழையும் பனிமூட்டமும். எங்கே விளையாடுவது?

மலைச்சரிவில் கட்டிய தோட்டப் பாடசாலைகளில் இது பழைய கவலை. நான் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கும்மியும் கோலாட்டமும் ஆடச் செய்தேன். வேகத்தைக் கூட்டினால் பத்தே நிமிடத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவார்கள். தாழ்வாரத்துக்குக் கயிறடித்தல் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவாகக் கயிற்றை வெட்டுங்கள்: நடுவை மிதித்து நின்றால் இரண்டு நுனியும் அக்குள்வரை வரவேண்டும்.